"லினக்ஸ்தான் சார், 64 பிட்": ஒரு சம்பள ராத்திரியும் ஒரு வெர்ஷன் நம்பரும்

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா கோடிங் தெரியாதவங்களும் தாராளமா கேக்கலாம். ஏன்னா இதுல பாதி, நான் ஒரு சர்வரை என் கையாலயே படுக்க வச்ச கதை. மீதிப் பாதி, "உங்க ஓஎஸ் என்ன வெர்ஷன்?" அப்படிங்கற சாதாரணக் கேள்விக்கு ஏன் சாதாரணமா பதில் சொல்ல முடியாதுங்கறது.

அந்த ராத்திரி

2022 கடைசி. ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்தேன். எங்க கிளையன்ட் ஒருத்தருக்குச் சம்பளக் கணக்கு போடற புரோகிராம் எழுதினது நான்தான். வருகைப் பதிவை எடுத்து, ஓவர்டைம், பிடித்தம் எல்லாம் கணக்குப் போட்டு, பேங்குக்கு அனுப்பற ஃபைலை உருவாக்கித் தரும். அந்த ஃபைல் காலையில 10 மணிக்குள்ள போனாத்தான் அன்னைக்கே முன்னூறு சொச்சம் பேருக்குச் சம்பளம் ஏறும். பெரும்பாலும் ஷிஃப்ட் வேலை பாக்கறவங்க. வீட்டு வாடகை, சீட்டுப் பணம், ஸ்கூல் வேன் காசு எல்லாம் அந்த ஒண்ணாம் தேதியை நம்பித்தான் இருக்கும்.

புரோகிராமை பைதான்ல எழுதியிருந்தேன். கிளையன்ட் சர்வர்ல தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாமேன்னு, பைஇன்ஸ்டாலர் வச்சு எல்லாத்தையும் ஒரே ஃபைலா பேக் பண்ணினேன். என் லேப்டாப்ல உபுண்டு 22.04. அதுல அழகா ஓடுச்சு. ஒரு வாரம் முன்னாடியே கிளையன்ட் பக்கம் கேட்டேன், "சார், உங்க சர்வர்ல என்ன ஓஎஸ்?" அவர் சொன்னார், "லினக்ஸ்தான் சார், 64 பிட்." நானும் தலையாட்டிட்டு நோட்டுல எழுதிக்கிட்டேன். அந்தப் பதில்ல தப்பே இல்லை. ஆனா எனக்கு வேண்டியது எதுவும் அதுல இல்லைன்னு அப்ப புரியலை.

மாசக் கடைசி, ராத்திரி 11 மணி. ஃபைலை சர்வர்ல காப்பி பண்ணி ஓட்டினேன். ஒரே வரியில எரர். ஜிலிப்சி 2.35 வேணும், இங்கே இல்லைன்னு சொல்லுது. அவ்வளவுதான், நின்னு போச்சு.

அந்த சர்வர் சென்ட்ஓஎஸ் 7.

ஒரு பைனரி எதை நம்பி ஓடுது?

இங்கே கொஞ்சம் நிறுத்தி அடிப்படையைப் பாத்துடலாம். நாம எழுதற கோடை கம்பைல் பண்ணினா, பிராசஸருக்குப் புரியற கட்டளைகளா மாறின ஒரு ஃபைல் கிடைக்கும். அதுதான் பைனரி. அது தனியா எல்லா வேலையையும் பாத்துக்காது. ஒரு ஃபைலைத் திறக்கணும், மெமரி கேக்கணும், நேரம் என்னன்னு பாக்கணும்னா, பக்கத்துல இருக்கிற பொது லைப்ரரியைக் கூப்பிடும். லினக்ஸ்ல பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள்ல அந்தப் பொது லைப்ரரியோட பேர் குனூ சி லைப்ரரி. சுருக்கமா ஜிலிப்சி. கிட்டத்தட்ட எல்லா புரோகிராமும் இதைக் கூப்பிட்டுத்தான் வாழுது. அதுக்குக் கீழே கர்னல் இருக்கு. அதுக்கும் கீழே பிராசஸர்.

ஆக "என் பைனரி உங்க மெஷின்ல ஓடுமா?"ன்னு கேக்கும்போது, உண்மையில மூணு கேள்வி கேக்கறோம். பிராசஸர் எந்த வகை? கர்னல் எது? லைப்ரரி எது, அதுல எந்த வெர்ஷன்? "லினக்ஸ், 64 பிட்"ங்கற பதில் முதல் கேள்வியில பாதியைத்தான் தொடுது. ஏஆர்எம் பிராசஸரும் 64 பிட்தான், இன்டெல் பிராசஸரும் 64 பிட்தான். புது ஆப்பிள் லேப்டாப்ல கட்டின டாக்கர் இமேஜை சர்வர்ல போட்டதும் "எக்ஸெக் ஃபார்மேட் எரர்"னு வந்து முழிச்சவங்க உங்கள்ல பலர் இருப்பீங்க. காரணம் இதுதான்.

பைஇன்ஸ்டாலர் பைதானையும், நான் பயன்படுத்தின லைப்ரரிகளையும் மூட்டை கட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா ஜிலிப்சியை அது மூட்டையில சேர்க்காது. அது சிஸ்டத்தோடது, போற இடத்துல இருக்கும்னு விட்டுடும். இருந்துச்சுதான். ஆனா சென்ட்ஓஎஸ் 7-ல இருக்கிறது ஜிலிப்சி 2.17. அது 2012 டிசம்பர்ல வந்தது. உபுண்டு 22.04-ல இருக்கிற 2.35 வந்தது 2022 பிப்ரவரியில. நடுவுல ஒன்பது வருஷம்.

மெஸ் சாம்பார் கணக்கு

பழைய பைனரி புது சிஸ்டத்துல பெரும்பாலும் ஓடிடும். புது பைனரி பழைய சிஸ்டத்துலதான் மாட்டும். இது ஏன்?

ஒரு மெஸ்ஸை நினைச்சுக்கோங்க. இருபது வருஷமா ஒரு பக்குவத்துல சாம்பார் வைக்கறாங்க. இப்ப பக்குவத்தை மாத்தணும். ஆனா பழைய கஸ்டமர்ஸ் கோவிச்சுக்கக் கூடாது. அதனால ரெண்டு பாத்திரம் வைக்கறாங்க. பழைய டோக்கன் வச்சிருக்கறவருக்குப் பழைய பக்குவம், புது டோக்கனுக்குப் புதுசு. ரெண்டுக்கும் பேர் சாம்பார்தான். ஜிலிப்சி இதைத்தான் செய்யுது. ஒவ்வொரு ஃபங்ஷன் பேரோடயும் ஒரு வெர்ஷன் சீட்டு ஒட்டியிருக்கும். நீங்க கம்பைல் பண்ற அன்னைக்கு உங்க மெஷின்ல எந்தச் சீட்டு புதுசோ, அது உங்க பைனரிக்குள்ள பதிஞ்சிடும். புது மெஸ்ஸுல பழைய சீட்டும் செல்லும். பழைய மெஸ்ஸுல போய் புதுச் சீட்டை நீட்டினா, "அப்படி ஒண்ணு எங்ககிட்ட இல்லையே தம்பி"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. எனக்கு வந்த எரர் அதேதான்.

இந்த ஏற்பாடு ஏன் முக்கியம்னு காட்ட ஒரு உண்மைக் கதை. 2010-ல ஃபெடோரா 14 வந்தப்ப, 64 பிட் ஃப்ளாஷ் பிளேயர்ல சத்தம் கரகரன்னு கெட்டுப் போச்சு. லினஸ் டோர்வால்ட்ஸே உக்காந்து அந்த பக்கைத் துருவினார். விஷயம் என்னன்னா, மெமரியில ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு டேட்டாவை நகலெடுக்கிற மெம்காப்பின்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ரெண்டு இடமும் ஒண்ணு மேல ஒண்ணு படியக் கூடாதுங்கறது அதோட விதி. படியும்னா மெம்மூவ்னு வேற ஃபங்ஷனைப் பயன்படுத்தணும். ஃப்ளாஷ் அந்த விதியை மீறியிருந்துச்சு. ஆனா பழைய மெம்காப்பி முன்னாலேர்ந்து பின்னாலன்னு நகலெடுத்ததால, அதிர்ஷ்டத்துல தப்பிச்சுக்கிட்டு வந்துச்சு. வேகத்துக்காக எழுதின புது மெம்காப்பி சில பிராசஸர்கள்ல பின்னாலேர்ந்து நகலெடுத்துச்சு. அதிர்ஷ்டம் முடிஞ்சது.

யார் தப்பு? விதிப்படி பாத்தா ஃப்ளாஷ் தப்பு. ஆனா பாட்டு கேக்கறவங்களுக்கு அது எதுக்கு? 2011-ல வந்த ஜிலிப்சி 2.14 இதை ரெண்டு பாத்திரம் வச்சுத் தீர்த்துச்சு. பழைய சீட்டோட வர்ற பைனரிகளுக்கு மெம்காப்பின்னு கேட்டாலும் பாதுகாப்பான மெம்மூவ் மாதிரி நடந்துக்கும். புதுசா கம்பைல் பண்றவங்களுக்கு 2.14 சீட்டு.

நான் செஞ்ச தப்பு

சரி, திரும்ப அந்த ராத்திரிக்கு வருவோம். எரர் "2.35 இல்லை"ன்னு சொல்லுது. எனக்குத் தோணினது ரொம்ப நேரான யோசனை: இல்லைன்னா கொண்டு வந்து வச்சிடலாமே! என் லேப்டாப்லேர்ந்து ஜிலிப்சி ஃபைலை எடுத்து சர்வர்ல போட்டேன். சிஸ்டம் முழுக்க தேடிப் போற ஒரு லிங்க் இருக்கு, பழைய 2.17 ஃபைலைக் காட்டிக்கிட்டு. ரூட் யூசரா இருந்தேன். அந்த லிங்க்கைப் புது ஃபைலுக்குத் திருப்பி விட்டேன்.

அடுத்து எல்எஸ் அடிச்சேன். எரர். சிபி அடிச்சேன். எரர். லிங்க்கை மறுபடி மாத்தலாம்னு எல்என் அடிச்சேன். அதுவும் எரர். ஏன்னா எல்லாமே அந்த ஒரே லைப்ரரியை நம்பி வாழற புரோகிராம்கள். பழைய லோடரும் புது லைப்ரரியும் ஒட்டலை. இன்னொரு டெர்மினல்லேர்ந்து லாகின் பண்ணிப் பாத்தேன். உள்ளேயே விடலை.

கை நடுங்கிடுச்சு. சம்பள ஃபைல் மட்டும் இல்லை, வருகைப் பதிவு டேட்டாவும் அந்த ஒரே சர்வர்லதான். அது எழுந்திருக்கலைன்னா, காலையில கையால உக்காந்து கணக்குப் போடறதுக்குக் கூட எதுவும் கிடையாது.

எங்க டீம் சீனியர் அக்காவுக்கு போன் பண்ணினேன். மணி பன்னெண்டரை. தூக்கக் குரல்ல முழுசா கேட்டாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். முதல்ல சொன்னது இதுதான்: "அந்த டெர்மினலை மட்டும் மூடிடாத. ரீஸ்டார்ட்டும் பண்ணிடாத."

காரணம் அப்புறம் புரிஞ்சது. ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கிற புரோகிராம்கள் பழைய லைப்ரரியை மெமரியில பிடிச்சு வச்சிருக்கும். டேட்டாபேஸ் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் திறந்து வச்சிருந்த ஷெல்லும் உயிரோட இருந்துச்சு. ஷெல்லுக்குள்ளேயே இருக்கிற எக்கோ, சிடி மாதிரி கட்டளைகள் வேலை செய்யும். எக்கோ போட்டு நட்சத்திரக் குறி அடிச்சா ஃபோல்டர்ல என்ன இருக்குன்னு தெரியும். அப்படித்தான் பழைய 2.17 ஃபைல் இன்னும் பத்திரமா இருக்குன்னு பாத்தோம்.

அடுத்து அக்கா கேட்டாங்க, "எஸ்எல்என்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?" தெரியாது. லிங்க் போடற எல்என் கட்டளையோட குட்டித் தம்பி அது. எந்த லைப்ரரியையும் நம்பாம, வேண்டியதை எல்லாம் தனக்குள்ளேயே வச்சுக் கட்டினது. ஜிலிப்சியோடயே வரும். இந்த மாதிரி விபத்துக்குன்னே வச்சிருக்காங்க. அவங்க ஒவ்வொரு எழுத்தா சொல்ல, நான் டைப் பண்ணி, மறுபடி வாசிச்சுக் காட்டிட்டு என்டர் தட்டினேன். எல்எஸ் அடிச்சேன். ஃபைல் பேரெல்லாம் வந்துச்சு. அந்த லிஸ்ட்டைப் பாத்து எனக்கு அழுகை வந்துடுச்சுங்க.

அக்கா சொன்னாங்க, "சரி, இப்ப சர்வரைத் தொடாத. உன் புரோகிராமை மாத்து."

அப்ப வெர்ஷனை எப்படிக் கண்டுபிடிக்கறது?

அன்னைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இப்ப வரிசையா சொல்றேன். எழுதி வச்சுக்கோங்க.

முதல்ல பிராசஸர். யூநேம் கட்டளைக்கு "எம்" ஆப்ஷன் கொடுத்தா எந்த வகைன்னு சொல்லிடும்.

ரெண்டாவது, டிஸ்ட்ரோ. ஈடிசி ஃபோல்டர்ல ஓஎஸ்-ரிலீஸ்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். பேரும் வெர்ஷனும் அதுல தெளிவா இருக்கும். நிறைய பேர் இதுக்கு யூநேம் "ஆர்" போடுவாங்க. அது கர்னல் வெர்ஷனை மட்டும்தான் சொல்லும். கன்டெய்னருக்குள்ள இருந்து கேட்டா, வெளியில இருக்கிற ஹோஸ்ட் மெஷினோட கர்னலைச் சொல்லும். கன்டெய்னருக்குன்னு தனி கர்னல் கிடையாது, அதான்.

மூணாவது, லைப்ரரி. எல்டிடி கட்டளைக்கு ரெண்டு டேஷ் போட்டு வெர்ஷன்னு அடிங்க. முதல் வரியிலேயே ஜிலிப்சி நம்பர் வரும். மனசுல வச்சுக்க சில நம்பர்கள்: சென்ட்ஓஎஸ் 7-ல 2.17, ரெட் ஹேட் 8-லயும் டெபியன் 10-லயும் 2.28, உபுண்டு 20.04-ல 2.31, ரெட் ஹேட் 9-ல 2.34, உபுண்டு 22.04-ல 2.35, 24.04-ல 2.39.

அதே கட்டளையில "மஸ்ல்"னு வந்தா, நீங்க ஆல்பைன் மாதிரி ஒரு டிஸ்ட்ரோவுல இருக்கீங்க. அங்கே ஜிலிப்சியே கிடையாது, வேற லைப்ரரி. இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கும், ஓட்டினா "அப்படி ஒரு ஃபைலே இல்லை"ன்னு எரர் வரும். உண்மையில இல்லாதது உங்க ஃபைல் கிடையாது. உங்க பைனரி தன்னை ஏத்தி விடச் சொல்லித் தேடற லோடர்தான் அங்கே இல்லை. இது தெரியாம அரை நாள் ஃபைல் பாத்தைச் சரிபாத்துக்கிட்டு இருந்தவங்களை எனக்குத் தெரியும். அதுல ஒருத்தர் நான்.

நாலாவது, பைனரியையே கேக்கலாம். ஃபைல்ங்கற கட்டளை எந்த பிராசஸருக்கானது, எந்த லோடரைத் தேடுதுன்னு சொல்லும். ஆப்ஜ்டம்ப் கட்டளைக்குப் பெரிய எழுத்து "டி" கொடுத்தா, உள்ளே பதிஞ்சிருக்கிற சீட்டுகள் எல்லாம் வரும். அதுல பெரிய நம்பர் எதுவோ, அதுதான் உங்களோட குறைந்தபட்சத் தேவை. பைஇன்ஸ்டாலர் மாதிரி மூட்டை கட்டினதுன்னா, உள்ளே இருக்கிற ஒவ்வொரு லைப்ரரியையும் பாக்கணும். ஒரு எச்சரிக்கை: எங்கிருந்து வந்ததுன்னு தெரியாத பைனரி மேல எல்டிடி ஓட்டாதீங்க. சில சமயம் அது அந்த பைனரியையே ஓட்டிவிட்டுடலாம். அதுக்கு ஆப்ஜ்டம்ப் பாதுகாப்பானது.

பைதான்காரங்களுக்கு ஒண்ணு. பிப் டவுன்லோடு பண்ற ஃபைல் பேர்ல "மெனிலினக்ஸ் 2_28"னு பாத்திருப்பீங்க. ஜிலிப்சி 2.28 அல்லது அதுக்கு மேல வேணும்னு அர்த்தம். "மெனிலினக்ஸ்2014"னா 2.17. பழைய சர்வர்ல பிப் திடீர்னு எதையோ கம்பைல் பண்ண ஆரம்பிச்சு, எரரா கொட்டுதுன்னா, பல சமயம் காரணம் இதுதான். உங்க ஜிலிப்சிக்குப் பொருந்தற ரெடிமேட் ஃபைல் கிடைக்கலை. நோட் 18-ஓட அதிகாரப்பூர்வ பைனரிகளும் 2.28 கேக்கும். சென்ட்ஓஎஸ் 7-ல அது ஓடாம போனது இதனாலதான்.

வெர்ஷன் நம்பரே பொய் சொன்னா?

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சா இல்லை. சென்ட்ஓஎஸ் 7-ல கர்னல் 3.10னு காட்டும். ஓவர்லேஎஃப்எஸ்ங்கற வசதி மெயின் கர்னல்ல 3.18-லதான் வந்துச்சு. ஆனா ரெட் ஹேட் அதைப் பின்னோக்கி எடுத்துட்டு வந்து 3.10-லயே சேர்த்துட்டாங்க. நம்பரை மட்டும் பாத்து "இதுல இருக்காது"ன்னு முடிவு கட்டினா தப்பாகும்.

விண்டோஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். எக்ஸ்பியோட உள் நம்பர் 5.1. நிறைய புரோகிராமர்கள் "முதல் நம்பர் 5 அல்லது மேல, ரெண்டாவது நம்பர் 1 அல்லது மேல"ன்னு தனித்தனியா செக் எழுதினாங்க. அடுத்து விஸ்டா வந்துச்சு, 6.0. ரெண்டாவது நம்பர் பூஜ்யம்! "எக்ஸ்பி அல்லது அதுக்குப் புதுசு தேவை"ன்னு புத்தம் புது ஓஎஸ்ஸைப் பாத்துச் சொல்லுச்சு. விண்டோஸ் 7-க்கு உள்ளே 6.1னு நம்பர் வச்சதுக்கு இந்த மாதிரி பொருந்தாத் தொல்லைதான் காரணம். 8.1-லேர்ந்து இன்னும் ஒரு படி மேல போனாங்க. "எனக்குப் புது விண்டோஸ் தெரியும்"னு புரோகிராம் தன் மேனிஃபெஸ்ட்ல அறிவிக்கலைன்னா, பழைய வெர்ஷன் ஃபங்ஷன் 6.2-ன்னே, அதாவது விண்டோஸ் 8னே பதில் சொல்லும். விண்டோஸ் 11-ம் உள்ளே 10.0தான். பில்டு நம்பர் 22000 அல்லது அதுக்கு மேல இருந்தாத்தான் அது 11.

மேக்கும் விதிவிலக்கில்லை. 2020-ல பிக் சர் 11னு வந்தப்ப, பழைய எஸ்டிகேல கட்டின ஆப்கள் கேட்டா 10.16னு சொல்லுச்சு.

இதெல்லாம் ஏமாத்தறதுக்காக இல்லை. தப்பா எழுதின செக்குகளால நல்ல புரோகிராம்கள் நின்னு போகக் கூடாதுன்னுதான். அதனால முடிஞ்ச இடத்துல "நீ எந்த வெர்ஷன்?"னு கேக்காதீங்க. "இந்த வசதி உன்கிட்ட இருக்கா?"ன்னு நேரடியா கேட்டுப் பாருங்க.

அப்ப தீர்வு?

முதல் தீர்வு, எங்கே ஓடணுமோ அதுலயே, இல்லைன்னா அதைவிடப் பழைய சிஸ்டத்துல பில்டு பண்றது. பழைய சீட்டு எல்லா மெஸ்ஸுலயும் செல்லும். ரெண்டாவது, ஸ்டாட்டிக்கா கட்டறது. எஸ்எல்என் மாதிரி எல்லாத்தையும் உள்ளேயே வச்சுக்கறது. கோ மொழியில சி-கோவை அணைச்சுட்டு பில்டு பண்ணினா இது சுலபம். ஆனா உள்ளே வச்சிருக்கிற லைப்ரரியில பாதுகாப்பு ஓட்டை வந்தா, சிஸ்டம் அப்டேட் உங்களைக் காப்பாத்தாது. நீங்களே மறுபடி பில்டு பண்ணணும். மூணாவது, கன்டெய்னர். லைப்ரரியையும் சேர்த்தே எடுத்துட்டுப் போகும். பிராசஸரும் கர்னலும் மட்டும் ஹோஸ்ட்டோடது.

அன்னைக்கு நான் முதல் வழியிலதான் போனேன். என் லேப்டாப்லயே சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னர் ஒண்ணை எழுப்பினேன். அதுல கிடைச்சது பைதான் 3.6. நான் ஸ்டைலா போட்டிருந்த வால்ரஸ் ஆபரேட்டர் அதுல கிடையாது. மூணு இடத்துல திருத்தி, மறுபடி பேக் பண்ணி, சர்வர்ல போட்டப்ப மணி நாலேகால். ஓடுச்சு. போன மாச டேட்டாவை வச்சு ஒரு தடவை சரிபாத்தேன். அப்புறம் இந்த மாசத்துக்கு ஓட்டினேன். ஃபைல் எட்டரைக்கு பேங்குக்குப் போச்சு.

மதியம் கிளையன்ட் பக்கத்து சார் போன் பண்ணி, "எல்லாருக்கும் ஏறிடுச்சு சார், தேங்க்ஸ்"னார். ராத்திரி நடந்ததை நான் அவர்கிட்ட முழுசா சொன்னேன். அக்கா சொல்லச் சொன்னாங்க. கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "அடுத்த தடவை என்ன கேக்கணுமோ அதை லிஸ்ட்டா அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன்"னார். அனுப்பினேன். மேலே சொன்ன நாலு கேள்விகள்தான் அந்த லிஸ்ட்.

சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. ஆனா எங்கேயோ ஒரு அலமாரியில, யாரோ ஒருத்தரோட சம்பளத்தைக் கணக்குப் போட்டுக்கிட்டு அது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அதுல கை வைக்கறதுக்கு முன்னாடி ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலை ஒரு தடவை திறந்து பாத்துடுங்க.

உங்க பில்டு எங்கேயாவது இப்படி மாட்டியிருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். அதுவரைக்கும், டெர்மினலை மூடிடாதீங்க.